மாலைக்கா, பூச்சிக்கா? டர்பன் வீட்டுத் தோட்டத்தில் எந்தச் செண்டுமல்லியை வைப்பது

புரட்டாசி நெருங்கி இங்கே தென்னாப்பிரிக்காவில் வசந்தம் தொடங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி தப்பாமல் வந்துவிடுகிறது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் பச்சை மிளகாயும் போட்டிருப்பவர் கேட்கிறார், அதே ஊர் ஃபீனிக்ஸில் வேலியோரம் அவரை ஏற்றியிருப்பவர் கேட்கிறார், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மேட்டு நிலத்து லெனேசியாவிலிருந்தும் கேட்கிறார்கள். "மருந்து அடிக்காமல் காய் பறிக்கணும். ஓரத்தில் செண்டுமல்லி, அதான் மேரிகோல்டு, வைத்தால் நல்ல பூச்சி வந்து கெட்ட பூச்சியைத் தின்னும் என்கிறார்கள். எதை வைப்பது? மாலை கட்டுகிற பெரிய பூவையா, நர்சரியில் தட்டில் விற்கிற குட்டைச் செடியையா, இல்லை வேறு ஏதாவதா?"

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், செண்டுமல்லியின் பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் பூச்சிகளுக்குத் தீனி போடுவது ஒன்று. கெட்ட பூச்சியைத் திசை திருப்புவதோ விரட்டுவதோ இன்னொன்று. மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழுவை ஒடுக்குவது மூன்றாவது. கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் வேலைக்காகத்தான் கேட்கிறார்கள். செண்டுமல்லி உண்மையாகவே கெட்டிக்காரத்தனம் காட்டுவதோ மூன்றாவதில். முதல் வேலையில் அது நடுத்தரம்தான், அதிலும் எந்த வகை என்பதைப் பொறுத்து.

எதை வைத்து எடை போடுவது

முதலில் யாருக்கு விருந்து வைக்கிறோம் என்று தெரிய வேண்டும். நம் தோட்டத்துக்கு வேண்டிய விருந்தாளிகள் நாலு பேர். ஒன்று, சிர்ஃபிட் ஈ. தேனீபோல மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும், ஆனால் கொட்டாது. பூவுக்கு மேல் அந்தரத்தில் அசையாமல் நிற்கும், சட்டென்று பக்கவாட்டில் நகரும். இரண்டு, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகள். மூன்று, பொறிவண்டு. நான்கு, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. இவர்களில் அசுவினியை வேட்டையாடுவது பல நேரம் குழந்தைகள்தான். சிர்ஃபிட் ஈயின் புழு ஒன்று வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் அசுவினியைக் காலி செய்துவிடும். ஆனால் அதன் தாய் தேனும் மகரந்தமும் மட்டுமே சாப்பிடுவாள். தாய்க்குச் சாப்பாடு இருக்கிற இடத்தில்தான் முட்டை விழும். பூ வைப்பதன் பொருள் இவ்வளவுதான்.

அந்தத் தாய்க்கும் குளவிக்கும் வாய் குட்டை. வண்ணத்துப்பூச்சிபோல நீளமான உறிஞ்சுகுழல் கிடையாது. ஆகவே முதல் அளவுகோல், பூ திறந்து ஆழமில்லாமல் இருக்கிறதா என்பது. இரண்டாவது, எந்த மாதத்தில் எவ்வளவு நாள் பூக்கிறது. டர்பன் கரையோரத்தில் பனி உறைவதில்லை, மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயிலோடு சேர்ந்து வருகிறது. கரையை விட்டு உள்ளே இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் குளிர்காலத்தில் லேசாக உறைபனி விழும். லெனேசியாவில் நன்றாகவே விழும், கோடையில் ஆலங்கட்டியும் உண்டு. மூன்றாவது, அந்தச் செடியே ஒரு தொல்லையைக் கூட்டி வருகிறதா. நாலாவது, இடமும் தண்ணீரும் கைவேலையும். கடைசியாக, பூஜைக்கோ சமையலுக்கோ அது பயன்படுகிறதா. சின்ன முற்றத்தில் இரட்டை வேலை செய்யாத செடிக்கு இடம் கொடுக்க மனசு வராது, அது நியாயம்தான்.

பெரிய பூ: மாலைச் செண்டுமல்லி

தாவரவியலில் டாஜெடிஸ் எரெக்டா. ஆங்கிலத்தில் ஆப்பிரிக்கன் மேரிகோல்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பூர்வீகம் என்னவோ மெக்சிகோ. இடுப்பளவுக்கு வளரும், பந்துபந்தாகப் பூக்கும். தைப்பூசக் காவடிக்கும், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதும், வீட்டு விளக்குக்கும் இந்தப் பூ இல்லாமல் ஆகாது.

பூச்சிக்கோ இதில் சாப்பாடு குறைவு. ஒரு பந்துப்பூவை எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். வெளியிலிருந்து நடுவரை இதழ் மேல் இதழாக அடைத்திருக்கும். ஒவ்வோர் இதழின் அடியிலும் ஊசிபோல ஒரு காய் ஒட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் இங்கே ஒவ்வோர் இதழும் தனி ஒரு பூ. சாதாரண ஒற்றை அடுக்குப் பூவில் நடுவட்டத்தில் குழல்போன்ற குட்டிப் பூக்கள் திறந்து நிற்கும், தேனும் மகரந்தமும் அங்கேதான். மாலைக்கென்று தேர்ந்து தேர்ந்து வளர்த்த பந்துப்பூவில் அந்த நடுவட்டம் முழுக்க இதழாக மாறிவிட்டது. சிர்ஃபிட் ஈ வந்து உட்கார்ந்தாலும் மேலே நடந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

இதற்கு மேல் ஒரு சிக்கல்: மாலைக்கு வளர்த்தால் பூ விரிந்ததும் பறித்துவிடுவோம். விருந்து வைத்துவிட்டு இலையை எடுத்துவிடுவதற்குச் சமம்.

ஆனால் இதில் ஒரு வழி இருக்கிறது. கடையில் பாக்கெட் வாங்காமல், பூஜை முடிந்த மாலையைக் காய வைத்து உதிர்த்து மண்ணில் தூவுகிற வீடுகள் நம்மிடம் நிறைய. அப்படி முளைப்பதில் எல்லாமே தாய்ப்பூ மாதிரி வருவதில்லை. சில செடிகள் ஒற்றை அடுக்காக, நடுவில் மஞ்சள் வட்டம் தெரிய, சப்பையாகப் பூக்கும். மாலைக்கு உதவாது என்று முதலில் பிடுங்கப்படுவது இவைதான். பூச்சிக்கு வேண்டியதும் இவைதான். கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் இவற்றை விட்டுவையுங்கள், பந்துப்பூவைச் சாமிக்குப் பறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. அந்தச் சப்பைப் பூவிலிருந்தே விதை எடுத்து அடுத்த வருடம் தூவினால் ஒற்றை அடுக்குச் செடிகள் இன்னும் கூடும்.

இரண்டாவது வேலையில், அதாவது திசை திருப்புவதில், பெரிய செண்டுமல்லிக்கு நல்ல பெயர் உண்டு. தக்காளியைக் குடையும் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டில் முட்டையிட விரும்பும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று சொல்கிறது. தக்காளி நாற்று 25 நாள், செண்டுமல்லி நாற்று 40 நாள் வயதாக இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக நட வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும். அதே காய்ப்புழு நம் ஊரிலும் உண்டு. ஆனால் இது பொறி. பொறியில் விழுந்த புழுவை மொட்டோடு பறித்து அழிக்க ஆள் வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நாமே புழுவுக்குப் பண்ணை வைத்துக் கொடுத்ததாக ஆகும். பத்துத் தக்காளிச் செடி உள்ள முற்றத்துக்கு இந்தக் கணக்கு தேவையே இல்லை, காயைக் கையால் பார்த்தாலே போதும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால், இடம்தான் பெரிது. ஒரு செடி ஒரு கத்தரியின் இடத்தைப் பிடிக்கும், நிழலும் கட்டும். ஜனவரி மழைக்காற்றில் சாயும், குச்சி கட்ட வேண்டும். மழை விட்டுக் காயும் வாரங்களில் செஞ்சிலந்தி பிடித்து இலையெல்லாம் வெளிறும், அடுத்துள்ள கத்தரிக்கும் தாவும். விதைத்துப் பூக்க மூன்று மாதம் ஆகலாம். தைப்பூசத்துக்கு வேண்டுமானால் அக்டோபர் தொடக்கத்துக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும்.

குட்டைப் பூ: ஃபிரெஞ்சு மேரிகோல்டு

டாஜெடிஸ் பட்டுலா. இதுவும் மெக்சிகோ பக்கத்துச் செடிதான், ஃபிரான்சுக்கும் இதற்கும் பிறப்பில் சம்பந்தமில்லை. முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும். விதைத்து எட்டு வாரத்தில் பூத்துவிடும். வாடியதைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் டர்பனில் மாதக்கணக்கில் பூக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒற்றை அடுக்கா, கொண்டைப்பூவா. நர்சரித் தட்டில் வருவது அநேகமாகக் கொண்டை வைத்த வகை, பார்க்க அழகு, பூச்சிக்குச் சுமார். ஐந்தாறு அகலமான இதழ் சுற்றிலும் நின்று நடுவட்டம் பளிச்சென்று தெரிகிற ஒற்றை வகையை விதையாக வாங்குவது மேல். அந்த வட்டத்தில் வெளிச்சுற்றிலிருந்து உள்நோக்கித் தினம் கொஞ்சமாகக் குட்டிப் பூக்கள் திறக்கும். காலை எட்டு மணி வெயிலில் அதன் முன்னால் குந்தினால், சிர்ஃபிட் ஈ அந்த வட்டத்தில் சுற்றிவந்து நுனிநுனியாக ஒற்றி எடுப்பதைப் பார்க்கலாம். பூவுக்குள் இலைப்பேனும் இருக்கும். அதைத் தின்ன மிளகு விதையை விடச் சின்ன வேட்டை மூட்டைப்பூச்சி ஒன்று வரும், ஓரியஸ் என்று பெயர். மிளகாய்க்கு இலைப்பேன் தொல்லை உள்ளவர்கள் அதை வரவேற்க வேண்டும். இலைப்பேன் அளவு மீறிப் போனால் மட்டும் பூவைக் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

வெள்ளை ஈ விஷயத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடிக் கூடத்தில் தக்காளியோடு ஆரம்பத்திலிருந்தே ஃபிரெஞ்சு மேரிகோல்டு வைத்தபோது வெள்ளை ஈயின் பெருக்கம் மட்டுப்பட்டது. எலுமிச்சைத் தோலிலும் இருக்கும் லிமோனீன் என்ற வாசனைப் பொருள்தான் காரணம் என்று கண்டார்கள். வெள்ளை ஈ பெருகிய பிறகு கொண்டுவந்து வைத்தால் அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது அடைத்த கூடம், நம்முடையது கடல்காற்று வீசும் முற்றம். அதே பலனை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். நடும் நாளிலேயே சேர்த்து நடுங்கள் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து நூற்புழு. டர்பன் பெரியாவின் சிவப்பு மணலில் தோட்டம் போடுகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. கத்தரியோ வெண்டையோ காரணமில்லாமல் குறுகி, நண்பகலில் வாடி, பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சுமுடிச்சாக இருக்கும். ஃபிரெஞ்சு மேரிகோல்டு வேரில் ஆல்ஃபா-டெர்தைனில் என்ற பொருள் இருக்கிறது, வேருக்குள் நுழையும் நூற்புழுக் குஞ்சு அங்கே வளர முடிவதில்லை. ஆனால் கத்தரிக்கு இடையில் நாலு செடி நட்டு இந்தப் பலன் வராது. பாத்தி முழுவதும் வேறு பயிரே இல்லாமல், ஒரு சாணுக்கு ஒரு செடி என்று நெருக்கமாக, குறைந்தது இரண்டு மாதம் இதையே வளர்த்து, பிறகு வெட்டி அதே மண்ணில் மடக்கிவிட வேண்டும். இடையில் களை முளைக்க விட்டால் நூற்புழு களையின் வேரில் பிழைத்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதம் அந்தப் பாத்தியில் காய் கிடையாது. இதுதான் இந்த வழியின் நிஜமான விலை, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மற்றபடி நத்தை. மழைக்காலத்தில் நாற்றை ஒரே ராத்திரியில் தண்டு மட்டும் மிஞ்சும்படி மொட்டையடித்துவிடும். தொட்டியில் ஒரு கை உயரம் வளர்த்துவிட்டு மண்ணில் இறக்குவது நல்லது. குரங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டர்பனில் அதுவும் கேட்பார்கள்: செண்டுமல்லி வாசனைக்குக் குரங்கு பயப்படாது.

பூ விட்ட கொத்தமல்லி

செண்டுமல்லியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நான் கொத்தமல்லியைச் சொன்னால் ஏமாற்றமாக இருக்கிறது, காசு கொடுத்து வாங்கும் செடி இல்லை அல்லவா. ஆனால் தீனி போடும் வேலைக்கு மட்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

குடை விரித்தமாதிரி நிற்கும் அந்த வெள்ளைப் பூங்கொத்தில் ஒவ்வொரு பூவும் தட்டையாகத் திறந்து, தேன் மேலாகவே இருக்கும். குட்டை வாய் உள்ள குளவிக்கும் ஈக்கும் இதைவிட வசதி வேறில்லை. பூத்த கொத்தமல்லிக்கு மேல் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்லத் தட்டினால், தாளில் விழும் கறுப்புப் புள்ளிகளில் சில நடக்கும், சில பறக்கும். அந்தப் பறக்கும் புள்ளிகளில் ஒட்டுண்ணிக் குளவிகளும் இருக்கும். அவை அசுவினிக்குள் முட்டையிடும். வேலை நடக்கிறதா என்று தெரிய மிளகாய் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பச்சை அசுவினிகளுக்கு நடுவில் சில உப்பி, வெளிறிய பழுப்பாக, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியே போயாகிவிட்டது. அந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள்.

செலவு ஏறத்தாழ இல்லை. மசாலாக் கடையில் வாங்கிய முழுத் தனியாவைத் தரையில் போட்டுச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் போதும். இலை கிள்ளிச் சமையலுக்கு, பூ பூச்சிக்கு, காய்ந்த விதை மறுபடி அடுப்படிக்கோ பாத்திக்கோ.

குறை இதன் அவசரம். டர்பன் கோடையில் இலை பறிக்கத் தொடங்குமுன்பே தண்டு நீட்டிப் பூத்துவிடும், பூவும் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஒரே தடவை விதைத்தால் ஒரு விருந்தோடு சரி. மூன்று வாரத்துக்கு ஒரு பிடி என்று விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும். கன மழையில் பூங்கொத்து சரிந்து அழுகும் என்பதால் டிசம்பர், ஜனவரியில் இதை மட்டும் நம்ப முடியாது. அந்த இடைவெளியில் செண்டுமல்லி கைகொடுக்கும்.

இன்னொரு செலவு, பார்வைக்கு. கூட்டிப் பெருக்கிய முற்றம்தான் நல்ல முற்றம் என்று வளர்ந்தவர்கள் நாம். பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னப்பா, தனியா எல்லாம் பூவிட்டுப் போச்சே, இன்னும் பிடுங்கலையா?" என்பார். "பூச்சிக்காக விட்டிருக்கேன் ஆயா" என்றால், "பூச்சிக்கா!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்.

துளசியையும் இதே கணக்கில் சேர்க்கலாம். சின்னப் பூ, நீண்ட காலம், தேனீக்கும் பிடிக்கும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, கதிரைக் கிள்ளாமல் ஒரு பக்கம் விட்டால் போதும்.

காலெண்டுலா

பெயரில் இதையும் மேரிகோல்டு என்கிறார்கள், குடும்பக்கிளையே வேறு. மத்தியதரைக்கடல் பக்கத்துக் குளிர்காலச் செடி. டர்பனில் மார்ச், ஏப்ரலில் விதைத்தால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பூக்கும், அதாவது முட்டைக்கோசும் பட்டாணியும் போடும் பருவத்தில், மற்றப் பூக்கள் அடங்கியிருக்கும்போது. அதுதான் இதன் மதிப்பு. தண்டில் பிசுபிசுப்பான ரோமம் இருக்கும். அசுவினி இதன்மேல் ஏறும், அதைத் தின்ன வருபவையும் பின்னாலேயே ஏறும். முதல் பத்து நாள் பதறாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் செடி. அக்டோபர் புழுக்கத்தில் இலையில் சாம்பல் நோய் படரும், அப்போது பிடுங்கிவிட வேண்டியதுதான். லெனேசியாவில் இது லேசான உறைபனியைத் தாங்கும், செண்டுமல்லி தாங்காது.

அலிசம்

தரையோடு படரும், தேன் வாசனையுள்ள வெள்ளைப் பூ. விதைத்து ஆறு வாரத்தில் பூக்கும், பிறகு நிறுத்தாது. கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் இயற்கை விவசாயிகள் லெட்டூஸ் வயலுக்குள் இதை நட்டு சிர்ஃபிட் ஈக்களை வரவழைத்து அசுவினியைச் சமாளிக்கிறார்கள். பூச்சிக்குத் தீனி என்ற ஒரே அளவுகோலில் இது எல்லாச் செண்டுமல்லியையும் மிஞ்சும்.

பிறகு ஏன் முதல் இடம் கொடுக்கவில்லை? இது முட்டைக்கோஸ் குடும்பம். கறுப்பில் ஆரஞ்சும் வெள்ளையும் புள்ளி வைத்த பக்ராடா மூட்டைப்பூச்சிக்கு இது பிடித்த உணவு, அந்தப் பூச்சிக்கு ஆப்பிரிக்கா சொந்த ஊர். கோஸும் முள்ளங்கியும் கடுகுக்கீரையும் போடுகிறவர்கள் அலிசத்தை வைத்தால் பக்ராடாவுக்கு வாசலைத் திறந்த மாதிரி ஆகிவிடும். மிளகாய், கத்தரி, தக்காளி மட்டும் என்றால் தாராளமாக வைக்கலாம்.

காக்கிபோஸ்

"சும்மா வேலியோரம் முளைக்கிறதே, அதுவும் செண்டுமல்லி இனம்தானே" என்று கேட்பவர்களுக்கு: ஆம், டாஜெடிஸ் மினூட்டா, தென்னமெரிக்கச் செடி. 1899 முதல் 1902 வரை நடந்த ஆங்கிலோ-போயர் போரில் பிரிட்டிஷ் படையின் குதிரைத் தீவனத்தோடு விதை வந்து இறங்கி நாடு முழுக்கப் பரவியது, காக்கிச் சட்டைக்காரர்களின் பெயரே செடிக்கும் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் எடுக்க இதை இங்கே வணிகமாகவும் பயிர் செய்கிறார்கள். வேரில் நூற்புழுவுக்கு எதிரான சக்தி இதற்கும் உண்டு. நல்ல பூச்சிகளை வரவழைக்கவோ இது உதவாது, பூ ஒரு குச்சி நுனிபோல ஒடுங்கியிருக்கும். விதை ஆயிரக்கணக்கில் கொட்டும், துணியில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க வரும், சாறு பட்டால் சிலருக்குத் தோல் பொரியும். விதை விடுமுன் வெட்டி மண்ணுக்கு மூடாக்காகப் போடலாம். வேண்டுமென்றே வளர்க்க வேண்டாம்.

ஒரே பார்வையில்

| செடி | நல்ல பூச்சிக்குத் தீனி | டர்பனில் பூக்கும் காலம் | கூடவே வரும் செலவு | வேறு பயன் |
|---|---|---|---|---|
| மாலைச் செண்டுமல்லி, பந்துப்பூ | குறைவு | விதைத்து மூன்று மாதம் கழித்து, கோடை முழுக்க | இடம், நிழல், செஞ்சிலந்தி, குச்சி கட்டுதல் | மாலை, காய்ப்புழுப் பொறி |
| அதிலேயே ஒற்றை அடுக்கு | நல்லது | அதே | அதே | விதை எடுக்கலாம் |
| ஃபிரெஞ்சு மேரிகோல்டு, ஒற்றை | நல்லது | எட்டு வாரத்திலிருந்து பல மாதம் | நத்தை, இலைப்பேன் | நூற்புழு, ஓரளவு வெள்ளை ஈ |
| கொத்தமல்லிப் பூ | மிக நல்லது | இரண்டு மூன்று வாரம் மட்டும் | அடிக்கடி விதைப்பு, கோடை மழை | சமையல் |
| காலெண்டுலா | நல்லது | ஜூன் – செப்டம்பர் | முதலில் அசுவினி ஏறும், சாம்பல் நோய் | குளிர்கால இடைவெளி |
| அலிசம் | மிக நல்லது | ஆறு வாரத்திலிருந்து தொடர்ந்து | பக்ராடா | வெறும் ஓரத்தை மூடும் |
| காக்கிபோஸ் | சொல்லும்படி இல்லை | கோடை முடிவு | களையாகப் பரவும், தோல் எரிச்சல் | மூடாக்கு |

எதைத் தேர்ந்தாலும் தப்பாத சில செலவுகள்

பூ வைத்த இடத்தில் மருந்து அடிக்க முடியாது. கடை மருந்து மட்டுமல்ல, "இயற்கை" என்று எழுதிய பைரித்ரம் பாட்டிலும் சிர்ஃபிட் புழுவையும் பொறிவண்டையும் சேர்த்தே கொல்லும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் அசுவினி மொய்த்த நுனியில் மட்டும், மாலையில்.

நர்சரியில் பளபளவென்று ஒரு பூச்சியும் இல்லாமல் நிற்கும் தட்டுச் செடிக்கு, உள்ளே ஊடுருவும் மருந்து கொடுத்திருக்கலாம். அப்படிப்பட்ட செடியின் தேனிலும் மகரந்தத்திலும் அந்த மருந்து இருக்கும், நாம் விருந்துக்கு அழைத்தவர்களையே அது சாய்க்கும். வாங்கும்போது கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விதைப் பாக்கெட்டோடு வீட்டுக்கு வாருங்கள்.

எறும்பை மறந்துவிடுகிறார்கள். அசுவினி விடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டையும் குளவியையும் துரத்தும். மிளகாய்த் தண்டில் எறும்பு வரிசை மேலும் கீழும் ஓடினால் எந்தப் பூ வைத்தும் பெரிய பலன் இருக்காது. முதலில் புற்றைக் கவனியுங்கள், தரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள்.

பொறுமையும் செலவுதான். தின்ன அசுவினி இருந்தால்தான் தின்பவர் தங்குவார். ஒரு செடியின் நுனியில் கொஞ்சம் அசுவினியை விட்டுவைக்கத் தயாரா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பூவும் பாத்திக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாசல் கேட்டில் செண்டுமல்லி, வீட்டுக்குப் பின்னால் மிளகாய் என்றால், அந்தப் புள்ளியளவு குளவி கூரையைத் தாண்டிவரும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

யாருக்கு எது

சாட்ஸ்வொர்த் முற்றம், கத்தரியும் மிளகாயும், அசுவினித் தொல்லை, பூஜைக்கும் பூ வேண்டும்: மாலை விதையைத் தூவுங்கள், ஒற்றை அடுக்கைப் பாத்தியருகே நிறுத்துங்கள், பந்துப்பூவை வேலியோரம் தள்ளுங்கள், இடையில் கொத்தமல்லியை விட்டு விட்டு விதையுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும், காசும் அதிகம் ஆகாது.

அடுக்குமாடியில் நாலு தொட்டி மட்டும்: ஒரு தொட்டி ஒற்றை ஃபிரெஞ்சு மேரிகோல்டு. பெரிய வகையை அங்கே யோசிக்கவே வேண்டாம்.

குளிர்காலத்தில் கோஸ், பட்டாணி போடுகிறவர்: காலெண்டுலா. அலிசத்தைத் தவிருங்கள்.

தக்காளியில் வெள்ளை ஈ ஒவ்வொரு வருடமும் வருகிறது: அடுத்த முறை தக்காளி நாற்றோடு அதே நாளில் ஃபிரெஞ்சு மேரிகோல்டு. இந்த வருடம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் மஞ்சள் ஒட்டுஅட்டை தொங்கவிட்டு, மோசமான இலைகளைக் கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லெனேசியா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்: உறைபனிப் பயம் தீர்ந்தபின், செப்டம்பர் கடைசியில் செண்டுமல்லியை மண்ணில் இறக்குங்கள். ஆலங்கட்டி பெரிய செடியை ஒரே அடியில் முறித்துப் போடும், குட்டை வகை திரும்பத் தளிர்க்க வாய்ப்பு அதிகம். அதனால் மேட்டு நிலத்தில் மாலைப் பூ கட்டாயம் வேண்டும் என்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குக் குட்டை வகையே சரி.

வேரில் முடிச்சு கண்டவர்களுக்குக் கேள்வியே வேறு, ஆகவே பதிலும் வேறு. உங்களுக்குப் பூச்சி விருந்து இப்போது முக்கியமில்லை. பழைய கத்தரியை வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். பாத்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஃபிரெஞ்சு மேரிகோல்டை நெருக்கி விதையுங்கள், மறு பாதியில் வெங்காயம், பூண்டு மாதிரி எதையாவது வைத்து வீட்டுச் செலவைப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து இடத்தை மாற்றுங்கள். ஒரு தடவையோடு நூற்புழு ஒழியாது, வருடாவருடம் ஒரு சுற்று இதற்கு ஒதுக்க வேண்டியிருக்கும். மண்வெட்டியை அந்தப் பாதியிலிருந்து இந்தப் பாதிக்குக் கொண்டுபோகும்போது மட்டும் கழுவிக்கொள்ளுங்கள், ஒட்டிய மண்ணிலேயே அது பயணம் செய்யும்.